ஷேவிங் பிரஷ்ஷின் ‘நாட்’டை (knot) எதை வைத்து ஒட்டுவது: எபாக்சியா, சிலிக்கானா?

கைப்பிடியைக் கடைசல் பிடித்து, மணல்தாள் போட்டு, பாலிஷும் அடித்து முடித்த பிறகு நாட்டை, அதாவது பிரஷ்ஷின் முடிக்கொத்தை, கைப்பிடிக் குழியில் ஒட்டுகிற பத்து நிமிடத்தில்தான் நான் அதிகம் சொதப்பியிருக்கிறேன்.

முதலில் வேண்டாதவற்றைத் தள்ளிவிடுவோம். சூப்பர் க்ளூ தண்ணீர் மாதிரி ஓடும், முடி வழியாக மேலே ஏறிவிடும். என் பன்றிமுடி பிரஷ் ஒன்று அப்படித்தான் போனது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கன்னத்தில் வைத்தால் நடுவில் ஏதோ குச்சி செருகினாற்போல் குத்தும். ஹாட் க்ளூவா? தினமும் சுடுதண்ணீரில் நனைகிற பொருளுக்குச் சூட்டில் இளகுகிற பசை எதற்கு?

மிச்சம் எபாக்சியும் சிலிக்கானும்.

எபாக்சி இரண்டு டியூபையும் கலந்தால் தானாக இறுகும், காற்றே தேவையில்லை. மூடிய குழியின் அடிவரைக்கும் கெட்டியாகிவிடும் என்பதுதான் அதன் பெரிய பலம். ஐந்து நிமிட ரகத்தை எடுக்காதீர்கள். நாட் நேராக நிற்கிறதா என்று கண்ணை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொள்ளும், ஈரத்தைத் தாங்குவதிலும் அது மெதுவான ரகத்துக்கு அடுத்தபடிதான். அரால்டைட் ஸ்டாண்டர்ட் மாதிரி நிதானமாக இறுகுவதை எடுத்தால் சாவகாசமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

ஆனால் எபாக்சிக்கு மன்னிப்பு கிடையாது. நாட் மூன்று மில்லிமீட்டர் ஆழமாக இறங்கிவிட்டால் முடி விறைப்பாகிவிடும், குறைவாக இறங்கினால் தொளதொளவென்று சாயும். இரண்டையும் திருத்தப் பெரும்பாலும் டிரில்லால் குடைந்தெடுக்க வேண்டியதுதான், நாட்டின் கதை அதோடு முடிந்தது. அதனால் பசை தொடுவதற்கு முன்பே அடியில் வாஷர்களைப் போட்டு உயரத்தைப் பார்த்துவிட வேண்டும். 24 மி.மீ. நாட்டுக்குக் குழி அதைவிட அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். அப்புறம் நாட்டின் அடிக்கட்டையில் அரத்தால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடியில் சிக்கிய காற்று, சைக்கிள் பம்ப் மாதிரி, நாட்டை மெல்ல மேலே தள்ளிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் கோணலாக நிற்கும்.

சிலிக்கான் நேர் எதிர். குளியலறை இடுக்கு அடைக்கிற அதே டியூப், வினிகர் வாசனை அடிக்குமே, அதுதான். மரம் ஈரத்தில் உப்பிக் காய்ந்து சுருங்கும்போது அதுவும் கூடவே வளைந்துகொடுக்கும். பிடிக்கவில்லையென்றால் நாட்டைத் திருகிப் பிடுங்கிவிடலாம். சிக்கல் என்னவென்றால், அது காற்றிலுள்ள ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே இறுகுவது, ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. அளவுக்குத்தான். நாட் அடைத்துக்கொண்ட குழிக்குள் அந்த ஈரம் எப்படிப் போகும்? நான் மூன்று நாள் விட்டுப் பிடுங்கிப் பார்த்தேன், அடியில் பற்பசை மாதிரி அப்படியே இருந்தது. இன்னொன்று, சிலிக்கான் ஒருமுறை பட்ட மரத்தைச் சுத்தமாகச் சுரண்டாமல் விட்டால் பிறகு எபாக்சி பிடிக்காது.

என்னைக் கேட்டால், அடிக்கடி நாட் மாற்றிப் பார்க்கிறவருக்குச் சிலிக்கான், நிரந்தரமாகச் செய்கிறவருக்கு மெதுவான எபாக்சி. மரக்கைப்பிடி என்றால் குழியின் உட்சுவருக்கும் ஒரு கோட்டிங் கொடுத்து, காய்ந்ததும் லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், பசை அப்போதுதான் பிடிக்கும். கலந்ததில் மிஞ்சியதை ஒரு அட்டையில் தடவி வையுங்கள், அது நகம் பதியாத அளவுக்கு இறுகும் வரைக்கும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம்.