மேற்கோளுக்கு எது: மின்னுரையா, ஸ்கேன் பிரதியா?

சங்கப் பாடலை வைத்துக் கல்லூரி ஆய்வுக்கட்டுரை எழுதுபவருக்கு இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன: பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தட்டச்சு உரை (மின்னுரை), தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் உள்ள பழைய பதிப்புகளின் ஸ்கேன் பிரதி.

தேடல்
மின்னுரை: நொடியில் கிடைக்கும். ஆனால் முழுச்சொல்லைப் போடாதீர்கள். 'நிலம்' என்று தேடினால் குறுந்தொகையின் 'நிலத்தினும்' அகப்படாது. 'நில' என்று தேடுங்கள், வேண்டாததைக் கையால் கழியுங்கள்.
ஸ்கேன்: பெரும்பாலும் வெறும் படம்தான். பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். பாட்டு முதற்குறிப்பு அகராதி (பாடல்களின் தொடக்கச் சொற்களை அகரவரிசையில் தரும் பட்டியல்) இருந்தால் வேலை பாதியாகும்.

நம்பகம்
மின்னுரை: தட்டச்சுப் பிழை நுழையலாம். துணைக்காலும் 'ர'வும் மாறிக் கிடப்பது அடிக்கடி கண்ணில் படும். எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தார்கள் என்று கோப்பின் தலைப்பில் பாருங்கள்.
ஸ்கேன்: அச்சில் இருந்தது அப்படியே. உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் பாடவேறுபாடுகளும் (ஒரே அடி சுவடிக்குச் சுவடி மாறி வரும் வடிவங்கள்) இருக்கும். உங்கள் வாதம் ஒரே சொல்லை நம்பி நின்றால் அந்த அடிக்குறிப்பைப் பார்க்காமல் எழுதவே கூடாது.

சான்று காட்டல்
மின்னுரை: பாடல் எண், அடி எண் மட்டும்.
ஸ்கேன்: பதிப்பாசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம். படக்கோப்பின் எண்ணைப் பக்க எண்ணாக எழுதிவிடாதீர்கள். முகவுரைப் பக்கங்களால் இரண்டும் ஒத்துப்போகாது.

ஒரு சொல் எத்தனை பாடல்களில் வருகிறது என்று எண்ண மின்னுரை. கட்டுரையில் அச்சேறும் ஒவ்வோர் அடிக்கும் ஸ்கேன்.