நாலரை ஆண்டு, ஒரு கேபின் பெட்டி: ஓடித் தேயாமல் நின்றே மக்கிய சக்கரங்கள்

"நீங்க வெச்சிருக்கிற அதே பெட்டி இப்போ பாதி விலைக்கு வருது சார், வாங்கலாமா?" என்று அலுவலக நண்பர் கேட்டார். அந்தப் பெட்டிக்கு எட்டுச் சக்கரங்களையும் மாற்றி முடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. முழுப் பதில் இதுதான்.

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி அது. 55 செ.மீ. உயரம், பாலிகார்பனேட் என்ற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் ஓடு, நாலு மூலையிலும் இரட்டைச் சக்கரம், முன்பக்கம் மடிக்கணினிக்குத் தனி அறை. மற்ற விவரமெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. உபயோகம்: சென்னையிலிருந்து மாதம் இரண்டு, மூன்று பயணம். கோவை, பெங்களூரு, ஹைதராபாத், எப்போதாவது டெல்லி. பெரும்பாலும் இரண்டு இரவு. மீதி நாளெல்லாம் பெட்டி வீட்டில் சும்மா நிற்கும். கெட்டதெல்லாம் அந்தச் சும்மா நின்ற நாட்களில்தான்.

மூன்றாம் ஆண்டு முடியும்போது, பெட்டி நிற்கும் மூலையில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புத் துகள் விழ ஆரம்பித்தது. பெருக்கினால் மறுவாரம் மறுபடி இருக்கும். சக்கரத்தின் மேலுள்ள மென்மையான உறை நகத்தால் அழுத்தினால் பள்ளமாகவே நின்றது. கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. அடுத்த பயணத்தில் ரயில் நிலையத்து மஞ்சள் மேடு ஓடுகளில் நாலடி இழுத்ததும் உறை துண்டு துண்டாகக் கழன்று, உள்ளிருந்த வெறும் பிளாஸ்டிக் வட்டு தரையில் கடகடத்தது. தேய்மானமாக இருந்தால் உறை மெலிந்திருக்கும். இது மெலியவே இல்லை. முழுத் தடிமனோடு மக்கியிருந்தது.

காரணம் நீராற்பகுப்பு, அதாவது ஈரம் பொருளைச் சிதைப்பது. இந்த உறை பாலியூரித்தேன். அதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் அடிப்படையில் செய்தது தேய்மானத்தையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும், பொதுவாக விலையும் குறைவு. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுத்துவிடும். வெப்பம் கூடினால் அறுபடும் வேகமும் கூடும். பாலியீத்தர் அடிப்படையில் செய்தது ஈரத்துக்கு இவ்வளவு எளிதில் இளகாது. கல்யாணத்துக்கு வாங்கிப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம், நாலு வருடம் கழித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினால் வழியிலேயே உதிருமே, அதே நோய்தான். ஹெட்போன் காதுப் பஞ்சின் மேல்தோல் உரிவதும் பெரும்பாலும் இதுதான்.

இங்கேதான் எனக்குக் கோபம். தேய்கிற பாகத்துக்கு உத்தரவாதம் கேட்பது நியாயமில்லை. கார் டயருக்கு யாரும் கேட்பதில்லை. ஆனால் ஐந்து ஆண்டு உத்தரவாத அட்டையில் 'சக்கரத் தேய்மானம் சேராது' என்ற வரியைக் காட்டி, ஓடாமலே மக்கிய சக்கரத்தையும் அதே கணக்கில் தள்ளுவது சரியில்லை. வருடம் முழுக்கப் புழுக்கமும் கடல்காற்றும் உள்ள ஊரில் விற்கிற பெட்டிக்கு ஈரம் தாங்காத உறையைத் தேர்ந்தெடுத்தது தயாரிப்பாளர். ஓடு பத்து வருடம் தாங்கும்படி செய்யத் தெரிந்தவருக்குச் சக்கரத்தையும் அப்படிச் செய்யத் தெரியாதா?

பாதி விலையில் ஒளிந்திருக்கும் சிக்கலும் இதுவே. மக்கும் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, செய்த நாளிலிருந்து ஓடுகிறது. தகரக் கூரைக் கிடங்கில் இரண்டு கோடை கிடந்த பெட்டி, அட்டைப்பெட்டி பிரிக்காமல் புத்தம் புதிதாக வந்தாலும் அதன் சக்கரம் புதிதல்ல. விலைச் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். சட்டப்படி இருக்க வேண்டும். பெட்டி கைக்கு வந்ததும் முதலில் அதைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையது என்றால் திருப்பி அனுப்புங்கள். அடுத்து எட்டுச் சக்கரத்தையும் நகத்தால் அழுத்துங்கள். நல்ல உறை உடனே எழும்பி வரும். தடம் நின்றாலும், மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும், ஒட்டினாலும் வேண்டாம்.

சக்கரம் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். இதில் இரண்டு வழி உண்டு: சக்கரத்தைத் தாங்கும் கூட்டோடு மாற்றுவது, சக்கரத்தை மட்டும் மாற்றுவது. உள் லைனிங்கின் ஓரத்தில் ஒரு ஜிப் இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு மூலையிலும் சக்கரக் கூடு எதனால் மாட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். திருகாணி என்றால் நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் போதும். அதே மாதிரிக் கூடு கிடைத்தால் பத்து நிமிட வேலை. ரிவெட் அடித்திருந்தால் கூட்டைத் தொடாமல் சக்கரத்தை மட்டும் மாற்றுவது நல்லது. ரிவெட்டைத் துளைத்து எடுக்கும்போது ஓட்டின் துளை பெரிதாகிவிட்டால் பிறகு எதுவும் இறுகப் பிடிக்காது.

சக்கரத்தை மட்டும் மாற்ற, பழைய அச்சை அறுக்க வேண்டும். அது இரு முனையும் நசுக்கி அடைத்த இரும்புக் கம்பி, தட்டினால் வராது. சக்கரத்துக்கும், இரட்டைச் சக்கரத்தின் நடுவே உள்ள நடுத்தண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் சந்துதான் இருக்கும். ஹாக்சா பிளேடைச் சட்டத்தில் மாட்டாமல், ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்து அந்தச் சந்தில் விட்டு அறுங்கள். ஓட்டின் அந்தப் பகுதியை முன்கூட்டியே அட்டையும் டேப்பும் வைத்து மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிளேடு கீறிவிடும். அறுத்த இரும்புத் தூளைப் பழைய பல் துலக்கியால் துடைத்துவிட வேண்டும். அது நடுத்தண்டு சுழலும் இடத்துக்குள் போனால் புதுச் சக்கரமும் இறுகும்.

அளவு எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உறை உதிர்ந்த சக்கரத்தை அளந்தால் விட்டம் நாலைந்து மி.மீ. குறைவாக வரும். ஒரு சக்கரமாவது முழுசாக இருக்கும்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விட்டம், அகலம், அச்சுத் துளை, அச்சின் நீளம் என்று நாலு அளவு வேண்டும். இந்தப் பெட்டியில் விட்டம் 50 மி.மீ., அகலம் 12 மி.மீ., அச்சு 6 மி.மீ. பேரிங் வைத்த சக்கரம் வாங்குவதானால் 6 மி.மீ. அச்சுக்கு பேரிங் எண் 626, 8 மி.மீ. அச்சுக்கு 608. விட்டத்தில் 2 மி.மீ. பெரிதாக வாங்கினால் என்ன என்று தோன்றும். வாங்காதீர்கள். கூட்டின் விளிம்பில் உரசும், பெட்டியின் உயரமும் 55-ஐத் தாண்டும்.

புது அச்சு இரண்டு பாகமாக வரும், ஒரு குழலும் அதற்குள் முடுக்கும், தலையில் அறுகோணக் குழியுள்ள ஆலன் திருகும். இரண்டு பக்கமும் பிடித்து முடுக்க இரண்டு ஆலன் சாவி வேண்டும். சக்கரத்தின் இரு பக்கமும் வாஷர் போட மறக்கக்கூடாது. திருகின் மரையில், அது தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக் ஒரு சொட்டு விடுங்கள். அது இல்லாவிட்டால் அதிர்விலேயே திருகு கழன்று பாதி வழியில் சக்கரம் தனியாக உருண்டு போகும். ஒரு மூலைக்கு 20 நிமிடம் ஆகும். கெட்ட மூலையை மட்டும் மாற்றினால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து இழுக்கும், ஆகவே நாலு மூலையும் ஒன்றாக மாற்றுவதே சரி. சாமான் செலவு ரூ. 1,100 ஆனது. உறையின் வகையைக் கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது. சாதாரண ரப்பர் உறை கொஞ்சம் சத்தம் போடும், தேயவும் தேயும், ஆனால் மூலையில் நின்று மக்காது. வெறும் நைலான் மட்டும் வேண்டாம், விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினால் அடுக்குமாடி முழுக்க எழுந்துவிடும்.

இனி, பயணத்துக்கும் பயணத்துக்கும் நடுவே பெட்டியை எங்கே வைப்பது. பரண் வேண்டவே வேண்டாம். மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரணில் சித்திரை, வைகாசியில் கை வைக்க முடியாத அளவு சூடு இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் மக்கும் வேலை வேகமெடுக்கும். பால்கனியும் அப்படித்தான். புதுசு போலவே இருக்கட்டும் என்று பாலிதீன் உறை போட்டுக் கட்டிவைப்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதல், ஏனென்றால் ஈரம் உள்ளேயே அடைபடும். ஏசி ஓடும் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், சக்கரம் தரையில் படாமல் படுக்கவைப்பது நல்லது. நிற்கவைத்தால் ஒரே இடத்தில் பாரம் அழுந்தி உறை தட்டையாகும்.

ஊர் திரும்பிய அன்றே செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். அச்சில் சுற்றிய தலைமுடியையும் நூலையும் பிளேடு முனையால் அறுத்து, முள் வாங்கியால் பிடித்து இழுங்கள். சக்கரம் சுழலாமல் இழுபடுவதற்குப் பாதிக் காரணம் முடிதான். தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகும். சிலிக்கோன் ஸ்பிரே ஒரு பீச்சு போதும். பெட்டியை அரை நாள் திறந்து மின்விசிறியின் கீழ் வைத்தால் வியர்வை வாடையும் ஈரமும் போகும். மூடும்போது இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே இருக்கட்டும்.

இழுக்கும் கைப்பிடியின் மேல் பூசிய ரப்பர் போன்ற மென்பூச்சும் இரண்டாம் ஆண்டிலேயே பிசுபிசுத்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தால் பூச்சு முழுதும் வந்துவிடும். அடியில் இருக்கும் சாதா பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கிறது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனையோ தின்னரையோ தொடாதீர்கள். பாலிகார்பனேட் ஓட்டில் ஒரு சொட்டு பட்டாலும் வெளுத்து விரிசல் விடும். ஒட்டுச்சீட்டுப் பசை எடுக்கவும் இதே எச்சரிக்கைதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும், நிறையவே இருக்கிறது. ஓட்டில் ஒரு விரிசல் இல்லை. மூலையை அழுத்தினால் உள்ளே போய் எழும்புகிறது; ஏபிஎஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் ஓடாக இருந்தால் இதற்குள் வெடித்திருக்கும். ஜிப் இன்னும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை பல்லின்மேல் மெழுகுவத்தி தேய்த்ததோடு சரி. ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் முன்பக்க அறைதான். பாதுகாப்புச் சோதனையில் பெரிய அறையைத் திறக்காமலே மடிக்கணினியை எடுத்துத் தட்டில் வைக்கலாம். மேல் அடுக்கு நிரம்பி, விமானக் கதவருகே பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பும்போது பவர் பேங்கைக் கட்டாயம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அது முன்னறையில் இருந்தால் வரிசையில் குந்தி உட்கார்ந்து துணிமணியைக் கலைக்க வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-மணி. அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100.

இந்த அறையால் வீட்டிலும் ஒரு வசதி. இரண்டாவது சார்ஜர், மாத்திரைப் பட்டை, பல் துலக்கி, மடக்குக் குடை எல்லாம் அதிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. வந்ததும் துணியை மட்டும் எடுத்துத் துவைக்கப் போட்டால் போதும். அடுத்த பயணத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையை மட்டும் அடுக்கினால் போதும்.

எடையில்தான் இடிக்கும். பெட்டி மட்டுமே 2.9 கிலோ. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ என்றால் மீதி 4.1. மடிக்கணினியும் சார்ஜரும் 1.6. இரண்டு சட்டை, ஒரு பேன்ட், வீட்டு உடை, உள்ளாடை, குளியல் சாமான் சேர்த்து 1.9. மிச்சம் 600 கிராம். கோவையிலிருந்து அரை கிலோ மைசூர்பா கொண்டுவரலாம், ஒரு கிலோ முடியாது. இரட்டைச் சக்கரமும் அதன் கூடுகளும்தான் எடையைக் கூட்டுகின்றன. இரண்டு சக்கரப் பெட்டி இதைவிட லேசு. மேடு பள்ளத் தரையிலும் அதுவே நன்றாக ஓடும். வந்தே பாரத்தில் மேல் தட்டில் ஏற்றிவிட்டால் நிம்மதி. தரையில் நிறுத்தினால் வண்டி வேகம் குறைக்கும்போதெல்லாம் நாலு சக்கரப் பெட்டி தானாக நகர்ந்து அடுத்தவர் காலில் முட்டும்.

நண்பருக்குச் சொன்ன பதில், வாங்காதீர்கள். ஓடு, ஜிப், முன்னறை மூன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கணக்குப் போட்டால் பாதி விலையும் ரூ. 1,100 சக்கரமும் சேர்ந்தாலும் லாபம்தான் என்று அவர் சொன்னார், உண்மைதான். ஆனாலும் தெரிந்தே மக்கும் சக்கரத்தை மாட்டி விற்பவருக்கு இன்னொருவர் பணம் போக எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பெட்டியை விற்பீர்களா என்று கேட்டார். இல்லை. ரப்பர் உறையில் அது இப்போது வாங்கிய நாளைவிட நேராக ஓடுகிறது. திங்கட்கிழமை ஹைதராபாத், கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து ஆலன் திருகுகள் எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும், முதல் மாதத்தில் ஒன்றிரண்டு தளரும்.