கைரேகையா, முகமா? வருகைப்பதிவு மிஷின் வாங்கும் முன்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரி (தோல் பதனிடும் ஆலை), ஷூ கம்பெனி நடத்துபவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு.

விலை: கைரேகை மலிவு. முகம் பார்ப்பது கூடுதல்.

உழைப்பு: சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் புழங்கும் கையில் ரேகை தேயும், மிஷின் திணறும். முகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கேமராவில் நேர் வெயில் படக்கூடாது. வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்!

ஏமாற்று: ரேகைக்கு சிலிக்கோன் அச்சு, முகத்துக்கு போனில் ஓடும் வீடியோ. ஒற்றைக் கேமரா மிஷின் வீடியோவை ஆளென்று நம்பிவிடலாம். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் கேமராவும் இருந்தால் தப்பிக்கலாம்: அதன் கண்ணுக்கு போன் திரை வெறும் இருட்டு. கண் சிமிட்டச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், வீடியோவும் சிமிட்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று: மிஷினிலிருந்து சர்வருக்குப் போகும் தரவை வழியில் பிடித்து, மறுநாள் திரும்ப அனுப்புவது. ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் புது எண் கொடுத்து, அதையும் நேரத்தையும் சேர்த்து மிஷின் மின்னணுக் கையொப்பமிட்டால் பழைய தரவு செல்லாது. ஆதார் சரிபார்ப்புக் கருவிகளும் ரேகையைக் கருவிக்குள்ளேயே குறியாக்கி (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி), கையொப்பமிட்டுத்தான் அனுப்புகின்றன. கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பத்துப் பேர் இருக்கும் ஆபீஸுக்குக் கைரேகை போதும். டேனரிக்கு அகச்சிவப்போடு கூடிய முக மிஷின்தான்.