புரோஸ்டேட் புற்றுநோய்க் கண்காணிப்புப் பிரிவில் மூன்று ஆண்டுகள்

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது உறுதியான பிறகும், அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ உடனே வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள என் மனைவிக்குப் பல வாரங்கள் ஆயின. புற்றுநோய் செல்களின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் எனக்கு 6, அதாவது மிக மெதுவாக வளரும் வகை. இதே நிலையில் தயங்கி நிற்பவர்களுக்காக, நான் சேர்ந்த மருத்துவமனையின் கண்காணிப்புப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். உடனே சிகிச்சை தராமல், நோய் வளர்கிறதா என்று தொடர்ந்து பரிசோதித்து வருவதே இங்கே நடக்கிறது.

இந்தப் பிரிவில் என்னை நம்ப வைத்தது முதல் சந்திப்புதான். பிரிட்டனில் 1,643 பேரிடம் நடந்த புரொடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகளை மருத்துவர் எங்கள் இருவர் முன்னும் விரித்து வைத்தார். கண்காணிப்பில் இருந்தவர்களில் 3.1 சதவீதத்தினரும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினரும் இந்நோயால் இறந்திருந்தனர். நோய் பரவியது முன்னவர்களில் 9.4, பின்னவர்களில் 4.7 சதவீதம். சாதகமான எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாவதையும் சொன்னதோடு, அந்த ஆய்வில் பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவை மட்டுமே நம்பியிருந்தார்கள் என்றும், இங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், சுரப்பியின் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை மறுபடி செய்வதும் சேரும் என்றும் விளக்கினார். அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் வரக்கூடும் என்பதையும் தயக்கமின்றிப் பேசினார்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, முதல் ஆண்டிலேயே மறு பயாப்சி என்பது எனக்கு வகுத்த திட்டம். பயாப்சியை மலக்குடல் வழியாக அல்லாமல் தோல் வழியாக எடுத்ததால் தொற்று அபாயம் குறைவு. வலியும் தாங்கக்கூடியதாகவே இருந்தது.

இரண்டாம் ஆண்டில் எனக்குரிய எம்.ஆர்.ஐ. தேதி கடந்து இரண்டு மாதமாகியும் எவரும் அழைக்கவில்லை. நானே கேட்ட பிறகுதான் தேதி கிடைத்தது. கண்காணிப்பதே இவர்கள் தரும் சேவை என்னும்போது இதைச் சிறு பிழையாக என்னால் கருத முடியவில்லை. பி.எஸ்.ஏ. முடிவு வரும்வரை உறக்கமின்றிக் கழியும் நாட்களில் பேசுவதற்கு ஓர் ஆலோசகரும் இங்கில்லை. அந்தப் பதற்றத்தைச் சுமக்க இயலாதவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்கு மாறிக்கொள்ள எப்போதும் வழி உண்டு.

குறைகள் இருந்தும் இங்கேயே தொடர்கிறேன். சேருபவர்கள் பரிசோதனைத் தேதிகளைத் தாங்களும் தனியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.