தெம்புக்கும் இளமைக்கும் சத்து மாத்திரை: நீண்ட நாள் எடுத்தால் தெரிவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த ஃபார்மசிக்குள் நுழைந்தாலும் ஒரு சுவர் முழுக்க சத்து மாத்திரை டப்பாக்கள். தெம்புக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, வயதைத் தள்ளிப்போட ஒன்று. இவற்றை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் சொல்வதை அவர்களுடைய ரத்தப் பரிசோதனைத் தாளோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும்: உடம்பில் குறைந்திருப்பதை நிரப்பும் மாத்திரைதான் தெம்பு தருகிறது. குறையே இல்லாதவருக்கு அதே மாத்திரை எதையும் கூட்டுவதில்லை. சிலது கெடுதலும் செய்கிறது.

நம்மவர்களிடம் அதிகம் தவறவிடப்படும் குறை விட்டமின் பி12. டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சர்க்கரைக்காரர் இல்லாத வீடு அபூர்வம். சர்க்கரைக்கு முதலில் எழுதித் தரும் மருந்து மெட்ஃபார்மின். அது குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நெதர்லாந்தில் நான்கு வருடத்துக்கு மேல் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு மற்றவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 19 சதவீதம் குறைந்திருந்தது. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோலும் சேர்ந்து, சாப்பாடும் சைவம் என்றால் குறைவு இன்னும் வேகமாக வரும்.

இந்த நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2003 அக்டோபரிலிருந்து சோள மாவிலும் ரொட்டி மாவிலும் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு அது பெரிய நன்மை. ஆனால் ஃபோலிக் ஆசிட் நிறைய இருந்தால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். பாதத்தில் ஊசி குத்துவது போல, நாக்கு எரிச்சல், மறதி, காரணமில்லாத அசதி என்றால் பி12 ரத்தப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு எடுங்கள்.

மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். தொடங்கிவிட்டால் அளவு ஏறி, முன்பு குறை இருந்ததா என்பதே தெரியாது. பி12 லிட்டருக்கு 150 பிகோமோலுக்குக் கீழே என்றால் குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம். 150-க்கும் 220-க்கும் இடையில் என்றால் பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் ஆசிட் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

பி12 மாத்திரையின் வழக்கமான அளவு தினம் 1000 மைக்ரோகிராம். தேவைக்கு மிக அதிகமாகத் தோன்றும். ஆனால் வயிறு சுரக்கும் புரதத்தின் துணையோடு ஒரு வேளையில் ஏறுவது இரண்டு மைக்ரோகிராம் அளவுதான்; மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். அந்தப் பத்து மைக்ரோகிராமுக்காகத்தான் ஆயிரம். பி12-ன் விலை குறைந்த வடிவமான சயனோகோபாலமினே பெரும்பாலானவர்களுக்குப் போதும். இன்னொரு வடிவமான மெத்தில்கோபாலமின் வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். அசதி சில வாரங்களில் குறையத் தொடங்கும். கால் மரமரப்புக்கு மாதங்கள் ஆகும், முழுவதும் போகாமலும் இருக்கலாம். மரமரப்பு ஏற்கெனவே இருந்தால் மாத்திரையில் நாளைக் கடத்தாமல் ஊசிக்குப் போங்கள்.

இங்கேதான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பி12 வேண்டும் என்று "நரம்புக்கு" விற்கும் பி காம்ப்ளெக்ஸ் வாங்குவார்கள். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் "பைரிடாக்ஸின்" என்ற வரியைப் பாருங்கள். அதுதான் பி6. ஒரு நாளைக்கு வேண்டியது 2 மில்லிகிராம்கூட இல்லை. சில மாத்திரைகளில் 100, சிலவற்றில் 200 இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வைத்த மேல்வரம்பு 12 மில்லிகிராம். அதிக பி6-ஐ மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து, பாதத்தில் அதே எரிச்சலையும் மரமரப்பையும் கொண்டுவரும். சர்க்கரையால் வந்தது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுவார்கள், கால் மேலும் மோசமாகும். மல்டிவிட்டமின், மெக்னீசியம் கலவை, தெம்பு பானம் என்று எல்லாவற்றிலும் இருக்கும் பி6-ஐக் கூட்டிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

எடுத்த மறுநாளே சுறுசுறுப்பு வந்தால் அது விட்டமின் வேலை அல்ல. குவாரானா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அந்த விதையில் இருப்பது காபியில் உள்ள அதே காஃபின். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தண்ணீரில் கரையும் மாத்திரைகளிலும் கவனமாக இருக்க வேண்டும். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் ஒரு மாத்திரையிலேயே கணிசமாக இருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) குறைந்தவர்களுக்கு மட்டும். தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு வேளையும் நன்றாக ஏறும்; முந்தைய மாத்திரையால் கூடி, இரும்பு ஏறுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அடங்க அவகாசம் கிடைக்கிறது. டீயோடு வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். விட்டமின் டி-யில் நடக்கும் பெரிய தவறு, வாரம் ஒன்று எடுக்க வேண்டிய 50,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போடுவது. ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

இனி இளமை மாத்திரைகள். என்எம்என் என்ற மாத்திரை எடுத்தால் ரத்தத்தில் என்ஏடி (செல்கள் சக்தி உண்டாக்கத் தேவையான பொருள்) ஏறுகிறது, அது உண்மை. ஆனால் மனிதருக்கு ஆயுள் கூடியதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. அதன் உறவான நிகோடினமைடு ரைபோசைடை அமெரிக்க அரசின் முதுமை ஆய்வுத் திட்டம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2021-ல் வந்த முடிவில் ஆயுள் கூடவில்லை. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலும் அதே திட்டத்தில் தேறவில்லை. மாதா மாதம் இதற்குப் போகும் ராண்ட் பருப்புக்கும் மீனுக்கும் முட்டைக்கும் போகட்டும். வயதானவர்களின் தசை வலுவுக்கு ஓரளவு ஆதாரம் உள்ளது கிரியாட்டின், தினம் 3 முதல் 5 கிராம், அதுவும் எடை தூக்கும் பயிற்சியோடு சேர்ந்தால்தான். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ‘கிரியாட்டினின்’ (creatinine) என்ற வேறொரு பொருளின் அளவை அது சற்று ஏற்றிக் காட்டும், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இயற்கையானது என்ற துணிவில் எடுக்கும் அமுக்கிராவும் (அஸ்வகந்தா), மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. சமையலில் போடும் மஞ்சள் வேறு, இந்தச் செறிவு வேறு. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே நிறுத்துங்கள். மருந்துகளைக் கட்டுப்படுத்தும் தென்னாப்பிரிக்க ஆணையமான சாப்ரா இதன் தரம், பாதுகாப்பு, பயன் எதையும் மதிப்பிடவில்லை என்ற வாசகம் டப்பாவில் இருந்தால், அது சொல்லுக்குச் சொல் உண்மைதான்.

புரட்டாசியில் பலர் கேட்பது கேப்சூல் பற்றி. ஜெலட்டின் என்றால் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வந்தது. ஹைப்ரமெல்லோஸ் என்றிருந்தால் சைவம். விட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பில் செய்வது, பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனில் செய்ததும் கிடைக்கிறது. மீன் எண்ணெய்க்குப் பதில் பாசி எண்ணெய் உண்டு. எதை வாங்கினாலும் முன்பக்கத்து 1000 மில்லிகிராமை நம்பாமல் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சாதாரண மீன் எண்ணெய் கேப்சூலில் அது 300 தான். ஒரு மாத விரதத்தால் பி12 தீர்ந்துவிடாது, கல்லீரலில் வருடக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும். அந்த மாதம் பி12 மாத்திரையை நிறுத்தக் கூடாதவர்கள், ஏற்கெனவே குறைவு என்று கண்டறியப்பட்டவர்கள்தான்.