வாடைக்கு முன் இஞ்சின் சேர்விஸ்: பருத்தித்துறைக் கடை ஒன்றில் என் அனுபவம்

வாடை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் கடல் மோசம், படகைக் கரையில் ஏற்றிவிடுவோம். போன வருடம் இஞ்சினைக் கழற்றி அப்படியே கொட்டிலில் சாத்திவைத்தேன். தையில் எடுத்து எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் வரவில்லை; கார்பரேட்டருக்குள் பெற்றோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. ஒன்பது நாள் தொழில் போனது.

அதனால் இந்த முறை ஐப்பசியிலேயே என் 25 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக்கைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள கடைக்குக் கொண்டு போனேன். முதலில் பிடித்தது தண்ணீர். கரையோரக் கிணறு உவர், அதில் இஞ்சினைக் கழுவி என்ன பயன்? இவர்கள் பவுசரில் (தண்ணீர் லொறியில்) வரும் நல்ல தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி, இஞ்சினின் காலை அதில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட விட்டார்கள், பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றி, கார்பரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை பொறுத்திருந்தார்கள். பிளக்கைக் கழற்றி உள்ளே ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து தரம் இழுத்தார்கள். சரி, இதெல்லாம் எல்லோரும் செய்யக்கூடியதுதான்.

அப்புறம் கியர் ஒயில். கீழ்த் திருகாணியைக் கழற்றியதும் பால்தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. "இஞ்ச பாருங்கோ தம்பி, தண்ணி இறங்கியிருக்கு" என்று கடை மெக்கானிக் என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார். புரொப்பெல்லரைக் கழற்றினால் தண்டில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) இறுகச் சுற்றிக்கிடக்கிறது, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் றப்பர் சீல் வெட்டுப்பட்டிருக்கிறது! கனடாவில் ஏரிப் படகு வைத்திருக்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். அங்கே இதைக் கவனிக்காமல் விட்டால் பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து பெருத்துக் கியர்ப் பெட்டியையே பிளந்துவிடும் என்றான். எங்களுக்கு உறைபனி இல்லை, ஆனால் உப்புத்தண்ணீர் கியர்ப் பல்லையும் பேரிங்கையும் தின்றுவிடும். சீலை மாற்றி, புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழிந்த பிறகே மூடினார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றார்கள், ஐந்து நாள் ஆனது, போன் எடுத்தாலும் பதில் இல்லை. பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருகிறார்கள்.

ஆனாலும் கழற்றிய பழைய சீலையும் அந்தத் தங்கூசித் துண்டையும் பையில் போட்டுத் தந்தார்கள், இஞ்சினைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கார்த்திகை பிறந்தால் அங்கே இஞ்சின்கள் வரிசையில் நிற்கும், அதற்கு முன் போங்கள்.