மாரி காலத்தில் ஆன்கியோடு சிங்களம்

திருகோணமலையில் வாடை தொடங்கினால் ஜனவரி வரை வீட்டு வேலைக்குக் கணக்கே இல்லை. முற்றம் கூட்டினால் அடுத்த மழை, தோய்த்த உடுப்பு காயாது, காற்று பலத்தால் கரண்டும் போகும். இந்த அமளிக்குள்தான் ஆன்கி என்ற செயலியை வைத்துச் சிங்களம் படித்து வருகிறேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாமே அட்டை செய்து மனப்பாடம் பண்ணும் செயலி அது. மாரியிலும் கச்சான் காற்றுக் காலத்திலும் பாவித்துப் பார்த்தாயிற்று.

எனக்குப் பிடித்தது, இணையம் இல்லாமலே ஓடும் என்பது. அட்டைகள் போனுக்குள் இருக்கும். கணினியோடு சேர்க்க மட்டும்தான் சிக்னல் தேவை. அன்ட்ரொயிட் போனுக்கான ஆன்கிட்ரொயிட் இலவசம். ஐபோன்காரர் காசு கட்டித்தான் வாங்க வேண்டும்.

தெரிந்த அட்டை நாள் தள்ளித் தள்ளி வரும், மறந்தது உடனே திரும்பி வரும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம். எந்த அட்டை எப்போது திரும்பி வரவேண்டும் என்று கணிக்க, 2023இல் எப்எஸ்ஆர்எஸ் (FSRS) என்ற புதிய முறையும் சேர்ந்தது. அமைப்புகளில் அதைப் போட்டுவிட்ட பிறகு எனக்கு மீட்டல் சுமை குறைந்தது. ஆனால் ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று தானாக இருப்பதை முதல் வேலையாகக் குறையுங்கள். அப்படியே விட்டால் சில வாரங்களில் தினசரி மீட்டல் நூறைத் தாண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வருகிற நாளில் யார் அதைப் பார்ப்பது? எனக்கு 5 போதும்.

தேங்காய் திருவும்போது ஈரக்கையால் திரையைத் தொட முடியாது. அதற்குத் தானாக விடை காட்டும் வசதி இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடம் கேட்டு வசனங்களை அவர் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறேன். போனை அரிசி வாளிக்கு மேல் வைத்தால் கேட்டுக்கொண்டே வேலை நடக்கும். தகரத்தில் மழை கொட்டும்போது ஒன்றும் கேட்காது, அது வேறு கதை.

குறை என்னவென்றால், ஆன்கி மொழி சொல்லித் தராது, சேர்த்ததைத்தான் திருப்பித் தரும். எழுத்துச் சிங்களத்தில் ஆளுக்கேற்ப வினை மாறும், பேச்சில் அப்படி மாறாது. புத்தக வசனத்தை அட்டையாக்கினால் சந்தையில் உதவாது. தனிச்சொல் அட்டையும் வீண்தான். மீன்காரரிடம், பஸ்ஸில், மருந்துக்கடையில் கேட்க வேண்டியதை முழு வசனமாகப் போடுங்கள்.

கதைக்கவே ஆளில்லாதவருக்கு இதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். அந்த அக்கா இல்லையென்றால் நானும் எப்போதோ அழித்திருப்பேன்.